முத்திரை குத்தும் இடம்

1939 நவம்பர் 5 அன்று தொடங்கி ஏறத்தாழ 84 ஆண்டுகள், கனடாவின் சி.பி.சி. வானொலி தினமும் ஒரு மிகச் சிறிய நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. முதலில் சில குறும் ‘பீப்’ ஒலிகள். பிறகு பத்து விநாடி மௌனம். அதன்பின் ஒரு விநாடி நீளும் நெட்டொலி. அந்த நெட்டொலி தொடங்கும் கணம்தான் கனடாவின் கிழக்கு மண்டல நேரப்படி பகல் ஒரு மணி. அதைக் கேட்டு மாலுமிகளும் ரயில்வே ஊழியர்களும் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். ஒட்டாவாவில் முதலில் டொமினியன் வானாய்வகமும், 1970 முதல் தேசிய ஆராய்ச்சி மன்றமும் அந்த ஒலியை வழங்கின. 2023 அக்டோபர் 9 அன்று அது கடைசியாக ஒலித்தது.

நிறுத்தியது கடிகாரம் கெட்டுப்போனதால் அல்ல. ஒட்டாவாவின் அணுக்கடிகாரங்கள் முன்னைவிடத் துல்லியமாகவே ஓடிக்கொண்டிருந்தன. சிக்கல் வழியில் இருந்தது. வானொலி அலை நேராகக் காதுக்கு வந்த காலத்தில், 350 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டொராண்டோவுக்கு அந்த ஒலி வந்துசேர ஒரு மில்லிவிநாடிக்குச் சற்று மேல் போதும். கடைசி ஆண்டுகளில் அதே ஒலி செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கியது. 36,000 கிலோமீட்டர் ஏற, அதே அளவு இறங்க, கால் விநாடி போய்விடும். பிறகு டிஜிட்டலாகச் சுருக்கப்பட்டு, எங்கெங்கோ இடைத்தேக்கங்களில் காத்திருந்து, கைப்பேசிச் செயலியில் பல விநாடிகள் கழித்து ஒலித்தது. எத்தனை விநாடி என்பது ஆளுக்கு ஆள் மாறியது. ஒரு மணி என்று வானொலி சொல்லும்போது ஒரு மணி கடந்துவிட்டிருக்கும். எவ்வளவு கடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தாமதம் ஒரே அளவில் இருந்தால் கழித்துக்கொள்ளலாம். மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்தை எதைக் கொண்டு கழிப்பது?

டொராண்டோவில் சி.பி.சி.யின் முதன்மைக் கட்டடம் ஃபிரண்ட் தெரு மேற்கில் 250ஆம் எண். அதே தெருவில் சிறிது கிழக்கே நடந்தால் 151ஆம் எண். ஒரு காலத்தில் ரயில்வே நிறுவனங்களின் தந்தியும் தொலைத்தொடர்பும் இயங்கிய கட்டடம். இன்று நகரத்தின் இணைய இணைப்புகள் பெருமளவு கைமாறும் இடம். டோரிக்ஸ் என்ற இணையப் பரிமாற்ற மையமும் அங்கேதான். இத்தகைய இடங்களில் அடுக்கியிருக்கும் சர்வர்களுக்கும் நேரம் சொல்லித்தான் ஆகவேண்டும். வானொலியை நிறுத்திய அதே சிக்கல் அங்கும் உண்டு. வானொலி நேயர் விநாடிகளை இழந்தார். சர்வர் மைக்ரோவிநாடிகளை, அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகளை, இழக்கிறது. அந்த இழப்பைத் தடுக்க நெட்வொர்க் கார்டுக்குள்ளேயே ஒரு கடிகாரத்தை வைத்தார்கள். அந்தக் கடிகாரம் இருக்கிறதா, இருந்தும் ஏன் காணவில்லை என்று தேடுவது இந்த அத்தியாயத்தின் வேலை.

நேரத்தை ஒழுங்குபடுத்துவதில் டொராண்டோவுக்குப் பழைய பாத்தியதை உண்டு. உலகத்தை 24 மண்டலங்களாகப் பிரிக்கும் யோசனையை சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் 1879இல் இந்த ஊரின் கனடியன் இன்ஸ்டிடியூட்டில் கட்டுரையாகப் படித்தார். 1883 நவம்பர் 18 அன்று வட அமெரிக்க ரயில்வேக்கள் மண்டல நேரத்துக்கு மாறின. டொராண்டோவின் சூரிய நேரத்துக்கும் புதிய கிழக்கு மண்டல நேரத்துக்கும் பதினேழரை நிமிட இடைவெளி. நம் ஊரிலும் ரயில்வேக்கள் மெட்ராஸ் நேரத்தை வைத்து ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1906இல்தான் இந்திய நேரம் வந்தது. அன்று நிமிடங்கள் பொருந்தினாலே ரயில்கள் மோதாமல் ஓடின. இன்றைய தேவை எவ்வளவு இறுகிவிட்டது என்பதைப் பங்குச் சந்தையில் பார்க்கலாம்.

டொராண்டோ பங்குச் சந்தை 1997 ஏப்ரலில் தன் வர்த்தகக் கூடத்தை மூடி முழுக்கக் கணினிக்கு மாறியது. கூச்சலும் கையசைப்பும் போயின. இரண்டு பேர் ஒரே பங்குக்குக் கை நீட்டினால் யார் முந்தியவர் என்று இனி கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பதிவேட்டில் உள்ள நேரம்தான் சாட்சி. டொராண்டோவைத் தலைமையகமாகக் கொண்ட ராயல் பேங்க்கில் வேலை பார்த்த பிராட் கட்சுயாமா, அருகிலுள்ள மார்க்கம் நகரத்துக்காரர். தன் குழு அனுப்பும் ஒரே ஆர்டர் நியூயார்க் வட்டாரத்துச் சந்தைகளை வெவ்வேறு நேரத்தில் எட்டுவதையும், முதல் சந்தையில் அதைப் பார்த்தவர்கள் அடுத்த சந்தைக்கு அதற்கு முன்பே ஓடிவிடுவதையும் கண்டுபிடித்தார். எல்லாச் சந்தையையும் ஒரே கணத்தில் எட்டும்படி ஆர்டர்களைத் தாமதப்படுத்தி அனுப்பும் ‘தோர்’ என்ற மென்பொருள் அதிலிருந்து பிறந்தது. பின்னர் அவர் தொடங்கிய ஐ.இ.எக்ஸ். சந்தை, வாசலிலேயே 61 கிலோமீட்டர் ஃபைபரைச் சுருட்டி வைத்து ஒவ்வொரு ஆர்டரையும் 350 மைக்ரோவிநாடி தாமதிக்கவைத்தது. 2015 செப்டம்பரில் டொராண்டோவின் ஆல்ஃபா சந்தையும் 1 முதல் 3 மில்லிவிநாடி வரையிலான வேகத்தடையைப் போட்டது. ஐரோப்பாவில் 2018 ஜனவரி முதல் அதிவேக வர்த்தகர்களின் கடிகாரங்கள் உலக நேரத்திலிருந்து 100 மைக்ரோவிநாடிக்கு மேல் விலகக் கூடாது என்பது சட்டம்.

100 மைக்ரோவிநாடி என்பது சாதாரண கணினி ஒன்று வேறு வேலையில் மூழ்கியிருந்தாலே நழுவிப்போகிற நேரம். ஆகவே கடிகாரங்களை எப்படிச் சேர்த்து வைக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். இணையத்தில் பரவலாக உள்ள என்.டி.பி. முறையை டேவிட் மில்ஸ் 1980களில் வடிவமைத்தார். தொழிற்சாலைகளுக்கும் அளவைக் கருவிகளுக்கும் அது போதாது என்று ஜான் ஐட்சன் முன்னின்று உருவாக்கிய பி.டி.பி. முறை 2002இல் ஐ.இ.இ.இ. 1588 என்ற தரநிலையாக வெளிவந்தது. இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே: போகும் செய்தி ஒன்று, திரும்பும் செய்தி ஒன்று, நான்கு நேரங்கள்.

எண்ணை வைத்தே பார்ப்போம். இரண்டு கணினிகளுக்கு இடையே ஒரு கிலோமீட்டர் ஃபைபர். கண்ணாடி இழையில் ஒளி அதைக் கடக்க 5 மைக்ரோவிநாடி. இரண்டாம் கணினியின் கடிகாரம் 40 மைக்ரோவிநாடி முந்தி ஓடுகிறது. ஆனால் அது அதற்குத் தெரியாது. முதல் கணினி தன் கடிகாரத்தில் 0 என்றிருக்கும்போது செய்தியை அனுப்புகிறது. அது சேரும்போது இரண்டாவது தன் கடிகாரத்தில் 45 என்று குறித்துக்கொள்கிறது. பிறகு தன் 100இல் பதில் அனுப்புகிறது. அது முதல் கணினியின் 65இல் போய்ச் சேர்கிறது. போகும்போது தெரிந்த வித்தியாசம் 45, திரும்பும்போது கழித்தல் 35. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 80, பாதியாக்கினால் 40. கடிகாரம் எவ்வளவு முந்துகிறது என்பது அப்படியே வந்துவிட்டது. ஃபைபரின் நீளத்தை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடக் கணக்குகளில் இவ்வளவு அழகானவை குறைவு.

இப்போது அதே செய்தி வரும்போது இரண்டாம் கணினியின் செயலி வேறு வேலையில் இருந்து, 30 மைக்ரோவிநாடி கழித்தே கவனித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45க்குப் பதில் 75 என்று எழுதும். விடை 55. கணக்கில் பிழையில்லை, நேரம் எழுதிய இடம் பிழை. தாமதத்தின் பாதி, 15 மைக்ரோவிநாடி, கடிகாரத்துக்குள் புகுந்துவிட்டது.

ஒரு பாக்கெட் கம்பியிலிருந்து நிரலுக்குப் போகும் பாதை நீளமானது. மின்சமிக்ஞையை முதலில் இணைமுனைக்கு அருகிலுள்ள சிப் பிட்டுகளாக மாற்றுகிறது. அடுத்த சிப் அவற்றைச் சட்டகமாகச் சேர்த்து நினைவகத்தில் போடுகிறது. பிறகு செயலிக்கு ஒரு குறுக்கீடு போகவேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் செயலியைத் தொந்தரவு செய்யாமல் சிலவற்றைச் சேர்த்துவைத்துச் சொல்வது நெட்வொர்க் கார்டுகளின் வழக்கம். வேகத்துக்கு நல்லது, நேரத்துக்குக் கேடு. செயலி மின்சாரம் மிச்சம்பிடிக்க அரைத்தூக்கத்தில் இருந்தால் விழிக்கவும் நேரமெடுக்கும். இத்தனைக்கும் பிறகு கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுதும் நேரமே மென்பொருள் முத்திரை. கடிதத்தின் மேல் தபால் நிலையம் குத்தும் முத்திரைக்கும், மாலையில் வீடு திரும்பி உறையைப் பிரித்தவர் பென்சிலால் எழுதிவைக்கும் தேதிக்கும் உள்ள வித்தியாசம் இது. வன்பொருள் முத்திரை என்பது பாக்கெட்டின் தொடக்கக் குறி கம்பியைக் கடக்கும்போதே, செயலியைக் கேட்காமல், கார்டு தன் சொந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் குத்துவது. கிகாபிட் ஈதர்நெட் கார்டில் அந்தக் கடிகாரம் வழக்கமாக 8 நானோவிநாடிக்கு ஒருமுறை துடிக்கும்.

லினக்ஸில் இதற்கான வாசல் 2009இல் திறந்தது. கார்டின் கடிகாரத்தைத் தனிச் சாதனமாகவே காட்டும் ஏற்பாட்டை ரிச்சர்ட் காக்ரன் எழுதினார்; அது 2011இல் கெர்னல் 3.0இல் சேர்ந்தது. பி.டி.பி. பேசும் நிரலான ‘பி.டி.பி.4எல்’லும் அவருடையதே. புதிய கணினியில் அதை ஓட்டிப் பார்ப்பவர்கள் பலர் முதலில் சந்திப்பது, ‘கேட்ட முத்திரை முறை இந்த இடைமுகத்தில் இல்லை’ என்ற ஒற்றை வரியும் உடனே நின்றுபோகும் நிரலும்தான்.

அங்கிருந்து தேடல் தொடங்கும். ‘எத்டூல்’ என்ற கட்டளையை ‘-T’ என்ற பெரிய எழுத்துக் குறியோடும் இடைமுகத்தின் பெயரோடும் அடித்தால் கார்டின் தகுதிப் பட்டியல் வரும். ‘சாஃப்ட்வேர்’ என்று தொடங்கும் வரிகள் பெரும்பாலும் எல்லாக் கார்டிலும் இருக்கும். அவற்றைப் பார்த்து மகிழ வேண்டாம். தேடவேண்டியவை ‘ஹார்ட்வேர்-டிரான்ஸ்மிட்’, ‘ஹார்ட்வேர்-ரிசீவ்’, ‘ஹார்ட்வேர்-ரா-கிளாக்’ என்ற மூன்று. அதற்குக் கீழே ‘பி.டி.பி. ஹார்ட்வேர் கிளாக்’ என்ற வரி. அதன் எதிரே 0 என்றிருந்தால் இல்லை என்று பொருள் கொள்பவர்கள் ஏராளம். உண்மையில் 0 என்பது வரிசை எண்: முதல் கடிகாரம் என்று அர்த்தம். இல்லாவிட்டால் ‘நன்’ என்று எழுத்தாலேயே வரும்.

‘நன்’ வந்துவிட்டது. கார்டைத் தூக்கிப் போடுவதா? அவசரம் வேண்டாம். சிப்புக்குள் கடிகாரம் இருந்தும் டிரைவர் அதை வெளியே காட்டாமல் இருக்கலாம். டிரைவர் தயாராக இருந்தும், கெர்னலைக் கட்டியவர்கள் பி.டி.பி. கடிகார வசதியை அணைத்துவைத்துக் கட்டியிருக்கலாம். சிறு சாதனங்களுக்கான கெர்னல்களில் இது சகஜம். யு.எஸ்.பி. வழியே செருகும் மலிவான அடாப்டர்களிலும் சாதாரண மேசைக் கணினியின் மதர்போர்டுகள் பலவற்றிலும் அந்த வசதியே இருக்காது. அங்கே தேடுவது வீண்வேலை.

இருந்தும் இல்லாத நிலைக்கு நல்ல உதாரணம் ராஸ்பெரி பை. 2020இல் வந்த அதன் கம்ப்யூட் மாட்யூல் 4இன் விவரத்தாளில் ஐ.இ.இ.இ. 1588 ஆதரவு என்று அச்சிட்டிருந்தார்கள். வாங்கியவர்கள் ஆசையோடு எத்டூலை ஓட்டினால் வன்பொருள் வரிகளைக் காணோம். விவரத்தாள் பொய் சொல்லவில்லை. கடிகாரம் இருந்தது, ஆனால் அது பிராட்காம் 54210பி.இ. என்ற இணைமுனைச் சிப்புக்குள் இருந்தது. லினக்ஸில் அதனோடு பேசத் தெரிந்த டிரைவர் இல்லை. அது 2022இல்தான் முதன்மைக் கெர்னலில் சேர்ந்தது. அதே குடும்பத்து ராஸ்பெரி பை 4இல் இருப்பதோ 54213பி.இ.; எண்ணில் ஓர் இலக்கம்தான் வேறு, அதில் இந்த வசதி இல்லை. அட்டையில் ஒட்டியிருக்கும் சிப்பின் எண்ணை பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கச் சொல்வது இதனால்தான். விற்பனைப் பெயரை நம்பி வாங்குவது இந்தத் துறையில் காசைக் கரியாக்கும் வேலை.

அரைகுறை ஆதரவு இன்னும் குழப்பம். இன்டெல் 82599 கார்டு, வரும் பாக்கெட்டுகளில் பி.டி.பி. பாக்கெட்டுகளுக்கு மட்டும் முத்திரை குத்தும். பின்னால் வந்த எக்ஸ்550 எல்லாவற்றுக்கும் குத்தும். முதல் கார்டில் பி.டி.பி. ஜோராக ஓடும். அதே கார்டில் என்.டி.பி.யை வன்பொருள் முத்திரையோடு ஓட்டப் பார்த்தால் வரும் பக்கம் வெறுமை. எத்டூல் பட்டியலின் கடைசியிலுள்ள ‘ரிசீவ் ஃபில்டர்’ பகுதியில் ‘ஆல்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் இது முன்பே தெரிந்துவிடும். ‘குரோனி’ என்ற நிரலை எழுதியவர்கள் இதற்கு ஒரு குறும்பான வழி கண்டார்கள்: என்.டி.பி. செய்தியை பி.டி.பி. உறைக்குள் வைத்து அனுப்புவது. கார்டு ஏமாந்து முத்திரை குத்திவிடும்.

விர்ச்சுவல் மெஷின்களில் பொறி வேறு மாதிரி. உள்ளே பி.டி.பி. சாதனம் ஒன்று தெரியும். ஆகா, கார்டின் கடிகாரம் என்று தோன்றும். பல இடங்களில் அது அடியில் ஓடும் தாய்க்கணினியின் கடிகாரத்தைப் படிக்கத் தரும் ஜன்னல் மட்டுமே. நேரம் பார்க்கலாம், பாக்கெட்டில் முத்திரை குத்தாது. தாய்க்கணினியிலேயே நேரத்தைச் சரிசெய்து, உள்ளிருப்பவை அந்த ஜன்னல் வழியே பார்த்துக்கொள்வதுதான் அங்கே நடக்கும் வழி. வீலான், பாண்ட் போன்ற மேலடுக்கு இடைமுகங்களின் பெயரைக் கொடுத்துக் கேட்டாலும் பழைய கெர்னல்களில் ‘இல்லை’ என்றே பதில் வரும்; அடியிலுள்ள உண்மையான கார்டின் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும்.

எல்லாம் இருந்து, ஓடத் தொடங்கி, நடுவில் விக்குவதும் உண்டு. அனுப்பும் பாக்கெட்டின் முத்திரை அது கம்பியில் போன பிறகே பிறக்கும். நிரல் அதற்காகக் காத்திருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். எளிய கார்டுகள் சிலவற்றில் அதை வைக்க ஒரே ஒரு பதிவேடுதான். முந்தையதைப் படிக்கும்வரை அடுத்ததற்கு இடமில்லை. நிரல் காத்திருக்கும் கெடு ஒரு மில்லிவிநாடியாக இருந்து, நெரிசலில் முத்திரை அதற்குள் வராவிட்டால் பிழைச் செய்தி கிளம்பும். கெடுவைப் பத்து மில்லிவிநாடியாக நீட்டினாலே பாதி வழக்குகள் தீர்ந்துவிடும்.

இன்னொரு போலி அலாரம்: கார்டின் கடிகாரத்துக்கும் கணினியின் கடிகாரத்துக்கும் சரியாக 37 விநாடி வித்தியாசம். கார்டு பி.டி.பி. வழக்கப்படி லீப் விநாடிகளைச் சேர்க்காத அணுநேரத்தை வைத்திருக்கிறது, கணினி உலக நேரத்தை. 2017 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் இடைவெளி 37. அந்த எண்ணைக் கண்டால் பயப்பட ஒன்றுமில்லை, அமைப்புக் கோப்பில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

பிழைச் செய்தியோடு நின்றுபோகும் நிரலைவிட எனக்கு அச்சம் தருவது வேறு. அதே பி.டி.பி.4எல்லுக்கு ‘மென்பொருள் முத்திரையே போதும்’ என்று ஒரு குறியைச் சேர்த்தால் உடனே ஓடத் தொடங்கிவிடும். அவசரத்தில் இருப்பவர்கள் அதைத்தான் செய்வார்கள். பதிவேட்டில் அப்போதும் நானோவிநாடிக் கணக்கில் எண்கள் வரிசையாக இறங்கும். கடைசி நான்கு இலக்கங்களுக்கு எந்த மதிப்பும் இல்லை என்று திரையில் எங்கும் எழுதியிருக்காது. அலுவலகக் கணினிகளுக்கும் வீட்டுச் சர்வருக்கும் அது தாராளமாகப் போதும். உள்வலையில் பத்துகளில் மைக்ரோவிநாடி துல்லியம் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு யார் ஆர்டர் முந்தியது என்று தீர்ப்பு எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

கார்டு சரியாகிவிட்டால் சுற்றம் தன் குறைகளைக் காட்டும். குவார்ட்ஸ் படிகம் வெப்பத்துக்கு ஏற்ப வேகம் மாறும். டொராண்டோவின் மையக் கட்டடங்கள் பல, 151 ஃபிரண்ட் தெரு உட்பட, ஒன்டாரியோ ஏரியின் 83 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் 4 டிகிரி நீரின் குளிர்ச்சியைப் பயன்படுத்துகின்றன. மின்செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் அறை வெப்பம் ஆடாமல் நின்றால் படிகங்களும் ஆடாமல் நிற்கும். மூல நேரமே தவறுவதும் நடந்திருக்கிறது. 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு ஓய்வளிக்கும்போது நேர்ந்த பிசகால், செயற்கைக்கோள்கள் பல 13 மைக்ரோவிநாடி பிழையோடு நேரம் சொல்லின, பி.பி.சி.யின் டிஜிட்டல் வானொலிவரை அதன் பாதிப்பு எட்டியது. முத்திரை எவ்வளவு சுத்தமாகக் குத்தினாலும், கையிலிருக்கும் தேதி தப்பென்றால் தப்புதான். வழியில் நிற்கும் ஸ்விட்சும் பி.டி.பி. தெரிந்ததாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பாக்கெட் அதன் வரிசையில் நின்ற நேரமும் கணக்கில் கலந்துவிடும்.

நான்கு நேரங்களின் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: போகும் வழியும் வரும் வழியும் ஒரே நீளம் என்பது. ஃபைபரில் பெரும்பாலும் போக ஓர் இழை, வர ஓர் இழை. ஒன்று மற்றதைவிட 10 மீட்டர் நீளமென்றால் 50 நானோவிநாடி வித்தியாசம். பாதியாகி 25 நானோவிநாடி கடிகாரத்தில் ஏறும். எந்தக் கார்டாலும் எந்த நிரலாலும் இதைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் நான்கு நேரங்களும் உண்மையே சொல்கின்றன. யாராவது இழைகளை அளந்து, பி.டி.பி.4எல்லின் அமைப்புக் கோப்பில் ‘டிலே அசிமெட்ரி’ என்ற வரிக்கு எதிரே நானோவிநாடியில் அந்த எண்ணைக் கையால் எழுதவேண்டும்.